கொங்கு நாட்டின் பன்னாட்டு வணிக ஒப்பந்தங்கள்

கொங்கு நாட்டின் பன்னாட்டு வணிக ஒப்பந்தங்கள் என்பன கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் முதலிய மாவட்டங்களின் உற்பத்தியாளர்களும் வணிகர்களும் வெளிநாட்டு வாங்குநர்களுடன் செய்துகொள்ளும் சரக்கு விற்பனை ஒப்பந்தங்கள் ஆகும். திருப்பூரின் பின்னலாடை, கரூரின் வீட்டுத்துணி வகைகள், கோயம்புத்தூரின் இயந்திரங்களும் நீரேற்றிகளும், பொள்ளாச்சியின் தென்னை நார்ப் பொருட்கள், ஈரோட்டின் மஞ்சள், நாமக்கல்லின் முட்டை ஆகியன இவ்வாறு விற்கப்படும் பொருட்களுள் அடங்கும்.

உள்நாட்டு ஒப்பந்தம் ஒரே நாட்டின் சட்டத்திற்கும் நீதிமன்றங்களுக்கும் உட்பட்டது. எல்லை கடந்த ஒப்பந்தத்திலோ விற்பவர், வாங்குபவர், கப்பல் நிறுவனம், வங்கி ஆகியோர் வெவ்வேறு நாடுகளில் இருப்பர். ஆகவே எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், எந்த மன்றம் விசாரிக்கும், கிடைத்த தீர்ப்பை எங்கே நிறைவேற்றுவது என்ற மூன்று கேள்விகள் எழுகின்றன. இவற்றுக்கான விடை பெரும்பாலும் ஒப்பந்தத்தின் இறுதியில் உள்ள சில வரிகளில் அடங்கியிருக்கும். சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்திற்குக் காத்திருக்கும் சிறு ஏற்றுமதியாளருக்கு விலையை எழுதிய வரியைப் போலவே இவ்வரிகளும் முக்கியமானவை.

வரலாறு

பழங்காலம்

கோயம்புத்தூர் நகரின் உக்கடத்திலிருந்து தென்மேற்கே செல்லும் சாலை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையை அடைகிறது. இக்கணவாய் பண்டைக் காலம் முதலே கொங்கு நாட்டையும் சேர நாட்டுத் துறைமுகங்களையும் இணைத்து வந்துள்ளது. உக்கடத்திற்குத் தென்கிழக்கே, நொய்யல் ஆற்றின் அக்கரையில் உள்ள வெள்ளலூரில் உரோமானிய நாணயக் குவியல்கள் கிடைத்துள்ளன. ஈரோடு மாவட்டத்தின் கொடுமணலில் மணிக்கற்களை அறுத்துப் பட்டை தீட்டிய தொழிற்கூடங்களின் சான்றுகள் அகழாய்வில் வெளிப்பட்டன.

இவ்வணிகத்தின் சட்டப் பக்கத்தைக் காட்டும் அரிய ஆவணம் முசிறிப் பாப்பிரசு ஆகும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தக் கிரேக்க மொழி ஆவணம் வியன்னாவில் உள்ள ஆசுத்திரிய தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1985ஆம் ஆண்டு பதிப்பிக்கப்பட்டது. இதன் ஒரு பக்கத்தில் முசிறி வணிகத்திற்காகப் பெற்ற கடன் தொடர்பான விதிகள் உள்ளன. செங்கடல் துறைமுகத்தில் இறங்கிய சரக்கைப் பாலைவனம் வழியாக நைல் ஆற்றங்கரைக்கும், அங்கிருந்து அலெக்சாந்திரியாவிற்கும் காவலுடன் கொண்டுசெல்வது, அதனைக் கடன் கொடுத்தவரின் முத்திரையின் கீழ் வைப்பது, கடன் திரும்பாவிடில் ஈட்டுப் பொருளை அவர் எடுத்துக்கொள்வது ஆகியவை அதில் கூறப்படுகின்றன. மறுபக்கத்தில் எர்மப்பொல்லோன் என்னும் கப்பலின் சரக்குக் கணக்கு உள்ளது. சரக்கு யார் கையில் இருக்கிறது, பணம் வராவிடில் எதைப் பிடிப்பது என்ற இக்கேள்விகளே இன்றைய ஒப்பந்தங்களிலும் மையமாக உள்ளன.

பிரித்தானியர் காலம்

இன்று நடைமுறையில் உள்ள இந்திய வணிகச் சட்டத்தின் அடித்தளம் பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் அமைந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872ஆம் ஆண்டும் சரக்கு விற்பனைச் சட்டம் 1930ஆம் ஆண்டும் இயற்றப்பட்டன. பின்னது 1893ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்தைப் பின்பற்றியது. தனியாக ஏற்றுமதிக்கென ஒப்பந்தச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. ஒப்பந்தத்திற்கு இந்தியச் சட்டம் பொருந்தும்போது இவ்விரு சட்டங்களே ஏற்றுமதி விற்பனைக்கும் அடிப்படையாகின்றன.

பின்னலாடை ஏற்றுமதி

திருப்பூர் நீண்ட காலம் உள்நாட்டுச் சந்தைக்கான பனியன் உற்பத்தி நகராக இருந்தது. 1970களின் இறுதியில் ஐரோப்பிய இறக்குமதியாளர்கள் நேரடியாக வரத் தொடங்கினர். 1990ஆம் ஆண்டு திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கப்பட்டது. துணி, ஆடை ஏற்றுமதிக்கு நாடுவாரியாக அளவு வரம்பு விதித்த பல்லிழை உடன்பாடு 1974 முதல் 1994 வரை நடைமுறையில் இருந்தது. பின்னர் உலக வணிக அமைப்பின் கீழ் அவ்வரம்புகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2005 சனவரி 1 முதல் முற்றிலும் நீங்கின. அதன்பின் வாங்குநர் எந்த நாட்டிலிருந்தும் விரும்பிய அளவு வாங்க இயன்றதால், ஏற்றுமதியாளர்களிடையே விலைப் போட்டி கூடியது.

ஒப்பந்தம் உருவாகும் முறை

இரு தரப்பும் அமர்ந்து கையொப்பமிடும் விரிவான ஒப்பந்தம் இத்தொழிலில் எப்போதும் இருப்பதில்லை. மாதிரி ஆடை அனுப்புதல், விலை பேசுதல், மின்னஞ்சலில் ஒப்புதல், பின்னர் வாங்குநரின் கொள்முதல் ஆணை என்பது வழக்கமான வரிசை. கொள்முதல் ஆணையில் வாங்குநரின் பொது விதிகள் அச்சிடப்பட்டிருக்கும். அல்லது அவ்விதிகள் வேறோர் ஆவணத்தில் உள்ளன என்ற குறிப்பு மட்டும் இருக்கும். மறுப்பின்றி உற்பத்தியைத் தொடங்கும் ஏற்றுமதியாளர் அவ்விதிகளையும் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்பட வாய்ப்புண்டு.

மின்னஞ்சல் வழி ஒப்பந்தம் இந்தியாவில் செல்லத்தக்கது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10அ பிரிவு இதனை உறுதி செய்கிறது. டிரைமெக்சு இன்டர்நேசனல் எதிர் வேதாந்தா அலுமினியம் வழக்கில் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், முறையான ஆவணம் பின்னர் கையொப்பமாகாவிடினும், முக்கிய விதிகள் மின்னஞ்சல்களில் ஏற்கப்பட்டிருந்தால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது எனத் தீர்ப்பளித்தது.

திருப்பூரில் பையிங் ஆபீஸ் என வழங்கப்படும் கொள்முதல் முகவர்கள் வழியாகவும் ஆணைகள் வருகின்றன. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 230ஆம் பிரிவின்படி, தன் முதல்வருக்காகச் செய்த ஒப்பந்தத்தில் முகவர் பொதுவாகத் தனிப்பட்ட முறையில் கட்டுப்படுவதில்லை. ஆனால் வெளிநாட்டில் வாழும் வணிகருக்காகச் சரக்கு வாங்கும் அல்லது விற்கும் முகவர், மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், தாமே கட்டுப்பட்டவர் என அதே பிரிவு அனுமானிக்கிறது. தாம் வெறும் இடைத்தரகர் என்றும் பொறுப்பேதும் தமக்கில்லை என்றும் எழுதுவதன் மூலம் முகவர் இவ்வனுமானத்தை விலக்கலாம். அவ்வாறான வரி உள்ளதா இல்லையா என்பது, வாங்குநர் காணாமற்போகும் நிலையில் உள்ளூரில் வழக்குத் தொடர ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கக் கூடும்.

முக்கிய விதிகள்

ஒப்படைப்பு

சரக்கின் இடரும் செலவும் எந்த இடத்தில் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு மாறுகின்றன என்பதைப் பன்னாட்டு வணிகக் கழகம் வெளியிடும் இன்கோடெர்ம்சு விதிகள் வரையறுக்கின்றன. இவை முதன்முதலில் 1936ஆம் ஆண்டு வெளியாயின. 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் 11 விதிகள் உள்ளன. இவை சட்டம் அல்ல. ஒப்பந்தத்தில் குறிப்பிடும்போதே கட்டுப்படுத்தும்.

எஃப்.ஓ.பி. தூத்துக்குடி என எழுதப்பட்டால், தூத்துக்குடியில் சரக்கு கப்பலில் ஏற்றப்பட்டதும் இடர் வாங்குநரைச் சேரும். கப்பல் கட்டணமும் இறக்குமதி வரியும் அவருடையவை. டி.டி.பி. என எழுதப்பட்டால், வாங்குநர் நாட்டின் இறக்குமதி வரி உட்பட அனைத்தும் விற்பவரின் பொறுப்பாகும். கொள்கலன் சரக்கு கப்பல் ஏறுவதற்குப் பல நாட்கள் முன்பே துறைமுக முனையத்தில் ஒப்படைக்கப்படுவதால், அதற்கு எஃப்.ஓ.பி.யை விட எஃப்.சி.ஏ. விதியே ஏற்றது எனப் பன்னாட்டு வணிகக் கழகம் பரிந்துரைக்கிறது.

பணம் செலுத்துதல்

பணம் பெறும் முறைகளை விற்பவருக்குள்ள பாதுகாப்பின் அடிப்படையில் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

1. முன்பணம்: சரக்கு அனுப்பும் முன்பே பணம் பெறுதல்.
2. கடனுறுதிக் கடிதம்: தொழில் வழக்கில் எல்.சி. எனப்படும் இது, குறித்த ஆவணங்களை அளித்தால் பணம் தருவதாக வாங்குநரின் வங்கி அளிக்கும் உறுதிமொழி.
3. பணத்திற்கு எதிர் ஆவணம்: வங்கியில் பணம் கட்டிய பின்னரே வாங்குநர் ஆவணங்களைப் பெறுவார்.
4. ஏற்புக்கு எதிர் ஆவணம்: குறித்த நாளில் பணம் தருவதாக உண்டியலில் ஒப்பமிட்டு வாங்குநர் ஆவணங்களைப் பெறுவார்.
5. திறந்த கணக்கு: சரக்கையும் ஆவணங்களையும் அனுப்பிவிட்டு, ஒப்புக்கொண்ட நாட்கள் முடியும் வரை காத்திருத்தல்.

கடனுறுதிக் கடிதங்களுக்குப் பன்னாட்டு வணிகக் கழகத்தின் சீர்விதிகள் பொருந்துகின்றன. யு.சி.பி. 600 எனப்படும் இப்போதைய பதிப்பு 2007 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி வங்கி ஆவணங்களை மட்டுமே பார்க்கும், சரக்கைப் பார்க்காது. ஆவணங்களை ஆய்ந்து முடிவு கூற வங்கிக்கு அதிகபட்சம் 5 வங்கி நாட்கள் உண்டு. எனவே சரக்கு குறையின்றி இருந்தும், சரக்குச் சீட்டில் நாள் ஒன்று தவறியதால் பணம் மறுக்கப்படலாம். மாறாக, சரக்கில் குறையென வாங்குநர் கூறினாலும் ஆவணங்கள் சரியாக இருப்பின், மோசடி போன்ற அரிய நிலைகள் தவிர, வங்கி பணம் தந்தாக வேண்டும்.

தரமும் ஏற்பும்

துணியின் எடை, சுருக்கம், சாய உறுதி, அளவு ஆகியவை குறித்த பிணக்குகள் ஆடை வணிகத்தில் மிகுதி. சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, சரக்கை ஆய்வதற்கு நியாயமான வாய்ப்பைப் பெறும் உரிமை வாங்குநருக்கு உண்டு. நியாயமான காலம் கடந்தும் மறுப்புத் தெரிவிக்காமல் சரக்கை வைத்துக்கொண்டால் அவர் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படுவார். நியாயமான காலம் எவ்வளவு என்பதைச் சட்டம் நாட்கணக்கில் கூறவில்லை. குறை கூறுவதற்கான கெடுவை ஒப்பந்தத்திலேயே எழுதுவதன் தேவை இதனால் ஏற்படுகிறது.

பொருந்தும் சட்டம்

பன்னாட்டுச் சரக்கு விற்பனை ஒப்பந்தங்களுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை 1980ஆம் ஆண்டு வியன்னாவில் ஏற்கப்பட்டு, 1988 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய அமெரிக்கா, பிரான்சு, செருமனி, இத்தாலி, நெதர்லாந்து, சீனா உள்ளிட்ட நாடுகள் இதில் இணைந்துள்ளன. இந்தியா இதில் இணையவில்லை.

ஆயினும் இவ்வுடன்படிக்கை கொங்கு நாட்டு ஏற்றுமதியாளருக்குத் தொடர்பற்றது எனக் கொள்ள இயலாது. ஒப்பந்தத்திற்குச் செருமனிச் சட்டம் பொருந்தும் என எழுதி, உடன்படிக்கையை வெளிப்படையாக விலக்காவிடில், செருமனிச் சட்டத்தின் பகுதியாக இவ்வுடன்படிக்கையும் பொருந்தக் கூடும். இதன் 39ஆம் விதிப்படி, குறையைக் கண்ட அல்லது கண்டிருக்க வேண்டிய நேரத்திலிருந்து நியாயமான காலத்திற்குள் வாங்குநர் அறிவிக்க வேண்டும். பொதுவாக, சரக்கு கையளிக்கப்பட்ட 2 ஆண்டுகளுக்குப் பின் அவ்வுரிமை இல்லை.

நீதிமன்றத் தேர்வும் சேலம் வழக்கும்

பிணக்கு எழுந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்பது பற்றிய இந்தியச் சட்டத்தின் முதன்மைத் தீர்ப்புகளுள் ஒன்று கொங்கு நாட்டிலிருந்து எழுந்தது. ஏ.பி.சி. லாமினார்ட் எதிர் ஏ.பி. ஏஜென்சீசு, சேலம் என்ற அவ்வழக்கு எல்லை கடந்த ஒப்பந்தம் பற்றியதன்று. குசராத்தில் இருந்த உற்பத்தி நிறுவனத்திற்கும் சேலத்தில் இருந்த வணிக நிறுவனத்திற்கும் இடையே 1974ஆம் ஆண்டு செய்யப்பட்ட சரிகை நூல் விற்பனை ஒப்பந்தம் பற்றியது. பிணக்குகள் குசராத்தின் கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை என ஒப்பந்தத்தின் ஒரு வரி கூறியது. சேலம் நிறுவனம் சேலம் சார்பு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. அந்நீதிமன்றம் தனக்கு அதிகாரம் இல்லை என்றது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது.

1989ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சேலம் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு என உறுதி செய்தது. வழக்கின் மூலக் காரணம் ஓரளவேனும் தோன்றிய இடங்களின் நீதிமன்றங்களுள் ஒன்றைத் தரப்பினர் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் மற்றவற்றை விலக்கும் எண்ணம் தெளிவாகத் தெரிய வேண்டும். அவ்வரியில் மட்டும், தனியாக என்பன போன்ற விலக்குச் சொற்கள் இல்லாததால் சேலத்தின் அதிகாரம் நீங்கவில்லை என அது கூறியது.

2013ஆம் ஆண்டு சுவாசுடிக் கேசசு எதிர் இந்தியன் ஆயில் வழக்கில் உச்ச நீதிமன்றம், மட்டும் என்ற சொல் இல்லாவிடினும், ஓர் ஊரைக் குறிப்பிட்டதே பிற ஊர்களை விலக்கும் எண்ணத்தைக் காட்டக் கூடும் எனத் தீர்ப்பளித்தது. ஆகவே விடுபட்ட ஒரு சொல்லை நம்பி உள்ளூர் நீதிமன்றத்தை அணுகும் வாய்ப்பு பெரிதும் குறைந்துள்ளது. வெளிநாட்டு நீதிமன்றத்தைத் தேர்ந்த ஒப்பந்தங்களுக்கும் இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக மதிப்பளிக்கின்றன. மோடி என்டர்டெயின்மென்ட் எதிர் டபிள்யூ.எசு.ஜி. கிரிக்கெட் வழக்கில் 2003ஆம் ஆண்டு இக்கொள்கை விளக்கப்பட்டது.

தீர்ப்பை நிறைவேற்றுதல்

வழக்கில் வெல்வதும் பணம் பெறுவதும் ஒன்றல்ல. வாங்குநரின் சொத்து அவருடைய நாட்டில் இருப்பதால், அங்கு நிறைவேற்றத்தக்க தீர்ப்பே பயன் தரும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44அ பிரிவின் கீழ் ஐக்கிய இராச்சியம், சிங்கப்பூர் போன்ற நாடுகளும், 2020 முதல் ஐக்கிய அரபு அமீரகமும் பரிமாற்ற ஆட்சிப்பகுதிகளாக அறிவிக்கப்பட்டுள்ளன. ஐக்கிய அமெரிக்காவும் செருமனியும் அப்பட்டியலில் இல்லை. இத்தகைய ஏற்பாடு இல்லாத நாட்டில், திருப்பூர் நீதிமன்றத்தின் தீர்ப்பை வைத்துக்கொண்டு மீண்டும் அந்நாட்டு நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும்.

இதற்கு மாற்றாக நடுவர் தீர்ப்பு முறை பயன்படுகிறது. 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்துள்ளன. இந்தியா 1960ஆம் ஆண்டு இதனை உறுதி செய்தது. ஐரோப்பிய நாடுகளும் ஐக்கிய அமெரிக்காவும் இதில் உள்ளதால், இந்தியாவில் அளிக்கப்பட்ட நடுவர் தீர்ப்பை அங்கு நிறைவேற்றக் கோருவது நீதிமன்றத் தீர்ப்பை விட எளிது. இந்தியாவில் இம்முறையை 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் இணக்கச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது.

நடுவர் அமரும் சட்டப்படியான இடம் முக்கியமானது. 2012ஆம் ஆண்டின் பாரத் அலுமினியம் வழக்குத் தீர்ப்பின்படி, அவ்விடம் வெளிநாடாக இருப்பின் நடுவர் தீர்ப்பை நீக்கக் கோரி இந்திய நீதிமன்றத்தை அணுக இயலாது. இலண்டன், சிங்கப்பூர் போன்ற இடங்களில் நடுவர் கட்டணமும் வழக்கறிஞர் செலவும் ஒரு கொள்கலன் ஆடையின் விலையை எட்டிவிடக் கூடும். சிறிய தொகைகளுக்குச் சென்னை அல்லது கோயம்புத்தூரை இடமாகவும், ஒரே நடுவரையும், இணையவழி விசாரணையையும் குறிப்பிடுவது செலவைக் குறைக்கும். ஆனால் வாங்குநர் அதற்கு உடன்பட வேண்டும்.

எதிர்பாரா நிகழ்வுகள்

2020ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றின்போது மேலைநாட்டுக் கடைகள் மூடப்பட்டன. ஆடை வாங்குநர்கள் பலர் ஆணைகளை நீக்கினர் அல்லது தள்ளிவைத்தனர். தைத்து முடித்த ஆடைகளும் சாயமேற்றிய துணிகளும் தேங்கின. அப்போது தவிர்க்கவியலா நிகழ்வு விதியின் சொற்கள் முதன்முறையாகப் பலரால் ஊன்றிப் படிக்கப்பட்டன. அவ்விதி வாங்குநரை மட்டும் விடுவிக்கிறதா, முடிந்த உற்பத்திக்கு ஈடு உண்டா என்பன ஒவ்வோர் ஒப்பந்தத்தின் சொற்களையும் பொறுத்தவை.

ஒப்பந்தத்தில் அத்தகைய விதி இல்லாவிடில் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு பொருந்தும். நிறைவேற்ற இயலாமற்போன ஒப்பந்தம் இதன்படி செல்லாததாகும். ஆனால் செலவு கூடியதோ இலாபம் குறைந்ததோ இதற்குப் போதாது என 2017ஆம் ஆண்டின் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2025 ஆகத்து மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது முதலில் 25 விழுக்காடும், ஆகத்து 27 முதல் மேலும் 25 விழுக்காடும் கூடுதல் வரி விதித்தது. எஃப்.ஓ.பி. ஒப்பந்தத்தில் இவ்வரி வாங்குநரைச் சார்ந்தது, டி.டி.பி. ஒப்பந்தத்தில் விற்பவரைச் சார்ந்தது. எனினும், சட்டப்படி தமக்குரியதல்லாத வரிச்சுமையையும் அடுத்த ஆணையை இழக்காதிருக்க விலைத் தள்ளுபடியாக விற்பவர் ஏற்க நேரலாம். ஒப்பந்த உரிமையைப் பயன்படுத்துவது வணிக உறவின் வலுவையும் சார்ந்தது என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

உள்நாட்டுக் கடமைகளும் காப்பீடும்

வெளிநாட்டுப் பணம் தாமதமாவது ஏற்றுமதியாளரின் உள்நாட்டுக் கடமைகளை நிறுத்துவதில்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இன்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. சாயப்பட்டறை, அச்சு, தையல் வேலை செய்யும் சிறு கூடங்களுக்கு இச்சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. 90 நாள் திறந்த கணக்கில் விற்ற ஏற்றுமதியாளர், வெளிநாட்டிலிருந்து பணம் வருமுன்பே இவர்களுக்குத் தர வேண்டியவராகிறார்.

ஏற்றுமதித் தொகையைக் குறித்த காலத்திற்குள் நாட்டிற்குள் கொண்டுவர வேண்டும் என அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999 கட்டாயமாக்குகிறது. 9 மாதங்களாக இருந்த இவ்வரம்பு 2025 நவம்பரில் 15 மாதங்களாக உயர்த்தப்பட்டது.

வாங்குநர் நொடித்துப் போதல், பணம் தராமை, வாங்குநர் நாட்டின் அரசியல் இடர்கள் ஆகியவற்றுக்கு இந்திய ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம் காப்பீடு அளிக்கிறது. இந்திய அரசுக்குச் சொந்தமான இந்நிறுவனம் 1957ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சரக்கின் தரம் குறித்த பிணக்கு இருக்கும்போது, அது தீரும் வரை காப்பீட்டுத் தொகை கிடைப்பதில் சிக்கல் ஏற்படும். எனவே தர ஆய்வு அறிக்கையும் வாங்குநரின் ஒப்புதல் மின்னஞ்சல்களும் காப்பீட்டிற்கும் சான்றாகின்றன.

கல்வி

கோயம்புத்தூர் அரசு சட்டக் கல்லூரி தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றது. இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி ஒப்பந்தச் சட்டமும் மாற்றுத் தகராறு தீர்வு முறையும் சட்டப் படிப்பில் கட்டாயப் பாடங்கள் ஆகும். பன்னாட்டு வணிகச் சட்டம் விருப்பப் பாடத் தொகுதிகளுள் ஒன்று. இத்துறையைக் கற்போர் பின்வரும் வரிசையில் பயில்வது பயன் தரும்.

1. இந்திய ஒப்பந்தச் சட்டம், சரக்கு விற்பனைச் சட்டம்.
2. நாடுகளின் சட்டங்கள் முரண்படும்போது எது பொருந்தும் எனக் கூறும் தனியார் பன்னாட்டுச் சட்டம்.
3. வியன்னா உடன்படிக்கையும், 1994ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியான யுனிட்ராய்ட் பன்னாட்டு வணிக ஒப்பந்தக் கொள்கைகளும்.
4. இன்கோடெர்ம்சு, யு.சி.பி. 600 போன்ற வணிக விதிகள்.
5. நடுவர் தீர்ப்பு முறையும் வெளிநாட்டுத் தீர்ப்புகளை நிறைவேற்றுதலும்.

வியன்னாவில் ஆண்டுதோறும் நடைபெறும் வில்லெம் சி. விசு மாதிரி நடுவர் மன்றப் போட்டி இத்துறை மாணவர்களுக்கான உலகளாவிய போட்டியாகும். வியன்னா உடன்படிக்கையின் அடிப்படையில் அமைந்த கற்பனைப் பிணக்கில் மாணவர்கள் இரு தரப்புக்காகவும் வாதிடுவர்.

சட்ட மாணவர் அல்லாதோரும் இவ்வறிவால் பயன்பெறுவர். சிறு ஏற்றுமதி நிறுவனங்களில் கொள்முதல் ஆணையை முதலில் படிப்பவர் பெரும்பாலும் வழக்கறிஞர் அல்லர். வணிகப் பிரிவு அலுவலரே. உற்பத்தி தொடங்குமுன் பொருந்தும் சட்டம், பிணக்கைத் தீர்க்கும் மன்றம், ஒப்படைப்பு விதி, பணம் செலுத்தும் முறை, குறை கூறும் கெடு, ஆணை நீக்கத்திற்கான ஈடு ஆகிய ஆறையும் அவர் தேடிப் படித்து, ஏற்க இயலாதவற்றை மின்னஞ்சலில் மறுத்து எழுதுவது, பின்னர் எழும் வழக்குகள் பலவற்றைத் தவிர்க்கும்.